சூடான பிறகு எடுக்காத பழைய கார்

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. 50 கிலோமீட்டர் ஓடியும் ஒரு முனகல் இல்லை. வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்தால், செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை. இன்னும் முக்கால் மணி நேரம் போனால் தானாகவே சரியாகிக் கிளம்பிவிடுகிறது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 என்று எதையாவது இன்னும் ஓட்டுகிறவர்களுக்குக் கத்திரி வெயில் காலத்தில் வருடா வருடம் வரும் தொல்லை இது.

கோளாறைவிடப் பெரிய சிக்கல், அது ஓரிடத்தில் நிற்காமல் மறைந்துவிடுவதுதான். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறியிருக்கும். மெக்கானிக் சாவியைத் திருப்புவார், எடுத்துவிடும். “நல்லாத்தானே சார் இருக்கு” என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நேரத்தில் வண்டியில் இல்லாத கோளாறை அவர் எங்கே போய்த் தேடுவார்? ஆகவே கை பழகியதைச் செய்கிறார். முதலில் பிளக், அடுத்த முறை பேட்டரி, அதற்கடுத்த முறை கார்புரேட்டர். செலவெல்லாம் செய்து முடித்த பிறகும் அடுத்த மே மாதம் வண்டி வழியில் நிற்கும். நல்ல பழைய வண்டிகள் பல, சொந்தக்காரரின் பொறுமை தீர்ந்துபோனதாலேயே காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஏனென்றால் காரணம் பெரும்பாலும் ஒரு சிறிய சாமானில்தான் இருக்கும்.

எனவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றே: எதையும் மாற்றுவதற்கு முன், வண்டி எடுக்க மறுக்கும் அந்த நேரத்திலேயே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

வீட்டு வாசலிலேயே வரவழைப்பது

நெடுஞ்சாலையோரம் வெயிலில் நின்றுகொண்டு, குடும்பத்தாரை வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டு யாராலும் நிதானமாகச் சோதிக்க முடியாது. கோளாறை வீட்டிலேயே வரவழைத்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு, போக்குவரத்து நெரிசலோ ஏற்றமோ உள்ள பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து வாசலில் நிறுத்துங்கள். அணைத்த உடனே ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுத்தால் திரும்ப அணைத்து, பானெட்டைத் திறக்காமல் 15 நிமிடம் விடுங்கள். திறந்தால் சூடு வெளியேறிவிடும். நாம் பிடிக்க வந்தது அதோடு போய்விடும்.

பக்கத்தில் தயாராக இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், நல்ல நிலையில் உள்ள பழைய பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், டார்ச், ஸ்க்ரூ டிரைவர், ஈரத்துணி, ஒரு தீயணைப்பான். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஆவி இருக்கும்போதுதான் வேலை செய்யப்போகிறோம். பீடி, சிகரெட் யாரும் அருகில் வரக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றும் என்பதால் கை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் மறுக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். அணைத்தவுடன் எடுக்கிறது, 10 முதல் 30 நிமிடத்துக்குள் மறுக்கிறது, ஒரு மணி நேரத்தில் சரியாகிறது என்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். ஓடும்போதே இருமி நின்றது, அந்தக் கணமே திரும்ப ஸ்டார்ட் செய்தாலும் எடுக்கவில்லை, ஆறினால்தான் எடுக்கிறது என்றால் காயில், கண்டென்சர் போன்ற மின் பாகங்களின் மேல் சந்தேகம் வைக்கலாம். எஞ்சினே மெதுவாக, மூச்சு வாங்குவது போலச் சுற்றினால் இரண்டையும் விட்டுவிட்டுச் செல்ஃப் மோட்டாருக்குப் போங்கள்.

முதலில் செல்ஃப் சத்தம்

ஆறிய எஞ்சினில் செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் காலையிலேயே கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் அதே வேகம் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். குறைந்திருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள்.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. பேட்டரி திடமாக நின்றும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டிருக்கிறது. பழைய வண்டிகளில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். பின்னல் செம்புப் பட்டை பச்சைப் பாசி பிடித்து, போல்ட்டின் அடியில் பெயின்டும் துருவும் மண்டி, பாதி மின்சாரத்தை அங்கேயே தின்றுகொண்டிருக்கும். கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டினால் செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும். பாசிட்டிவ் பக்கத்திலும் இதே சோதனையைச் செய்யலாம், அங்கே 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம்.

சூட்டில் மட்டும் இந்த மந்தம் தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடுகிறது. சைலன்சர் குழாய்க்கு அருகே இருக்கும் செல்ஃப் மோட்டார் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் சுருள்களில் தடை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். நல்ல மோட்டார் அதைத் தாங்கும். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசும் மோட்டார், கார்பன் பிரஷ் முடியும் தறுவாயில் உள்ள மோட்டார் தாங்காது. இவற்றுக்குப் பிரஷ்ஷும் புஷ்ஷும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

செல்ஃப் வேகமாகச் சுற்றத் தொடங்கி, திடீரென்று எதிலோ மோதியது போலத் தடுமாறினால் அது வேறு. இக்னிஷன் டைமிங் அதிகமாக முன்னால் போயிருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பொறி விழுந்து, அது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. டைமிங்கைச் சரி செய்தால் போதும்.

அணைத்த பிறகு ஏறும் சூடு

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பெரும்பாலோருக்கு இதுதான் நிலைமை. இதைப் புரிந்துகொள்ள, வண்டியை அணைத்த பிறகு பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓடும் வண்டியில் தண்ணீர் சுற்றுகிறது, விசிறி காற்று வீசுகிறது, டேங்க்கிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. அணைத்த கணத்தில் மூன்றும் நின்றுவிடும். ஆனால் இரும்பில் ஏறிய சூடு எங்கும் போய்விடவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் குழம்பு கொதிப்பது போல, அடுத்த 15, 20 நிமிடத்துக்குக் கார்புரேட்டரின் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். 60, 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பெட்ரோலோ பல சேர்மங்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கின்றன. கார்புரேட்டர் அதற்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. குளிர் நாடான இங்கிலாந்தில் பிறந்த எஞ்சின் அது. பெட்ரோல் எளிதில் ஆவியாக அங்கே அந்தச் சூடு தேவைப்பட்டது. திருச்சியின் மே மாதத்தில் அதுவே எதிரியாகிறது.

கொதிக்கும் பெட்ரோல் இரண்டு விதமாக வேலையைக் கெடுக்கும். கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் கொதித்தால் ஜெட் வழியாகப் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்து, எஞ்சினை நனைத்துவிடும். அதுவே குழாயிலோ பம்பிலோ கொதித்தால், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் ஆவியை மென்றுகொண்டிருக்கும். கிண்ணத்துக்கு ஒரு சொட்டும் வராது. முன்னது அளவுக்கு மீறிய பெட்ரோல், பின்னது பஞ்சம். வெளியே தெரிவது மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்: வண்டி எடுக்கவில்லை. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கெடுக்கும் என்பதால் எது என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஈரமா, வறட்சியா

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் பின்னடித்தால் நெருப்பு அந்த வழியாகத்தான் வரும். அந்த நேரத்தில் யாரும் செல்ஃப் அடிக்கவும் கூடாது.

பெட்ரோல் நெடி குப்பென்று அடித்து, சுவர் நனைந்து, ஜெட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் நனைந்திருக்கிறது. ஒரு பிளக்கைக் கழற்றினால் அது ஈரமாக இருக்கும். வாய் உலர்ந்திருந்தால், ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் வேகமாக ஒரு முறை இழுத்துவிடுங்கள். உள்ளே கோடு போலப் பெட்ரோல் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. எதுவும் வராவிட்டால் கிண்ணம் காலி. இந்த ஒரு நிமிடச் சோதனைதான் இந்த அத்தியாயத்திலேயே அதிகப் பயன் தருவது. ஆனால் இதை ஆறிய வண்டியில் செய்தால் எந்தப் பயனும் கிடையாது.

நனைந்த எஞ்சினை எடுக்க, ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் தரைவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் செய்வது போல மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். சோக் இழுக்கவே வேண்டாம். முழுதும் திறந்த வழியாகக் காற்று புகுந்து ஈரத்தைத் துடைத்தெடுக்கும். ஐந்தாறு வினாடியில் தடுமாறிப் பிடிக்கும், சைலன்சரில் கரும்புகை ஒரு முறை வரும். இப்படி எடுத்துவிட்டால் நோய் எது என்பதும் உறுதியாகிவிடும்.

காரணங்களில் முதலில் சோக். குமிழை உள்ளே தள்ளியும் கேபிள் இறுகி, தகடு பாதி மூடியே நிற்கும் வண்டிகள் நிறைய. கண்ணாலேயே பார்த்துவிடலாம். அடுத்து ஃப்ளோட் மட்டமும் நீடில் வால்வும். நீடிலின் நுனியில் வளையம் போலத் தேய்மானம் தெரிந்தால் அது இனி மூடாது. ஓடும்போது மைலேஜ் குறைவதாக மட்டும் தெரியும் கசிவு, நிறுத்திய பிறகு குழாயில் தேங்கிய அழுத்தத்தால் கிண்ணத்தை நிரப்பி வழிய வைக்கும்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது கோளாறுகூட இல்லை, ஒரு பாகம் காணாமல் போயிருப்பது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூடு ஏறாமலிருக்க ஒரு தடித்த பேக்கலைட் துண்டு இருக்கும். பல வண்டிகளில் அதன் கீழே ஒரு தகரத் தடுப்பும் உண்டு. முப்பது, நாற்பது வருடத்தில் எத்தனையோ கைகள் கழற்றி மாட்டிய பிறகு, அந்தத் தகரம் எங்கோ ஒரு பட்டறையின் மூலையில் கிடக்கும்; விரிசல் விட்ட பேக்கலைட்டுக்குப் பதிலாக இரண்டு காகித கேஸ்கெட் வைத்து இறுக்கியிருப்பார்கள். வண்டி ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அலுமினியத் தகட்டை வெட்டி, மேனிஃபோல்டைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒரு தடுப்பு செய்துகொள்ளலாம். புதுக் கார்புரேட்டர் வாங்கியும் தீராத தொல்லை இதில் தீரும்.

வறட்சி என்றால் ஈரத்துணி. ஃபியூல் பம்பின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி இரண்டு நிமிடம் விட்டு, செல்ஃப் அடியுங்கள். எடுத்துவிட்டால் ஆவி அடைத்திருந்தது என்று பொருள். மலைப்பாதை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்துவரும் இந்த உபாயத்தில் சரியான அறிவியல் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பம்பைத்தான் குளிர்விக்க வேண்டும். எஞ்சின் மேல் தண்ணீரை வாரி ஊற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து புதுக் கோளாறு வரும். கொதிக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வெடிக்கவும் கூடும்.

பம்ப் ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது? இந்தத் தலைமுறை வண்டிகளில் அது எஞ்சினோடு பொருத்தப்பட்டிருக்கிறது. பின்னாலுள்ள டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, அழுத்தம் குறைந்தால் திரவம் சீக்கிரம் கொதிக்கும். மலையில் காற்றழுத்தமும் சேர்ந்து குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாம் கியரில் ஏறிவந்து, பர்லியாறில் நிறுத்திய பழைய வண்டிக்கு எல்லாப் பாதகமும் ஒன்றுசேர்ந்துவிடுகிறது.

நிரந்தரமாகத் தீர்க்க, பெட்ரோல் குழாய் வரும் வழியை டேங்க் முதல் கார்புரேட்டர் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. யாரோ மாட்டிய பிளாஸ்டிக் ஃபில்டர் மேனிஃபோல்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். புது ஹோஸ் நீளமாகப் போய் பிளாக்கின் மேல் படுத்திருக்கும். இவற்றை நகர்த்திக் கட்டினாலே பல வண்டிகள் குணமாகின்றன. பம்பில் மூன்றாவதாக ஒரு மெல்லிய குழாய் இருந்தால் அது டேங்க்குக்குத் திரும்பிப் போகும் வழி. ஆவியை வெளியேற்றுவதும் அதுதான். அது அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பம்ப் டயாஃப்ரம் தளரக் கூடியது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிட் மாற்றத் தயங்காதீர்கள்.

டேங்க் அருகே மின்சார பம்ப் வைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளுவதால் ஆவி அடைப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தப் பம்பாக இருக்க வேண்டும். அதிக அழுத்தம் கொடுத்தால் நீடிலைத் தள்ளித் திறந்து, வறட்சிக்குப் பதில் வெள்ளம் வரும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலே இல்லாமல் மாட்டவே கூடாது. விபத்தில் குழாய் அறுந்தால் அது நெருப்பின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மேலே சொன்னவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகு மட்டுமே இதை யோசியுங்கள்.

இப்போதைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022இல் 10 விழுக்காடாக இருந்த எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும் என்றாலும், பெட்ரோலோடு கலக்கும்போது அதிலுள்ள சில பகுதிகளோடு கூடி, தன் அளவைவிடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. எத்தனாலை எதிர்பார்க்காமல் செய்யப்பட்ட பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயாஃப்ரத்தையும் அது ஊதவும் வெடிக்கவும் வைக்கும். ஹோஸ் மாற்றும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடுதல்தான்; ஆனால் சூடான மேனிஃபோல்டின் பக்கத்தில் பெட்ரோல் கசிவது எந்த விலைக்கும் தகாது.

பொறி விழவில்லை என்றால்

கார்புரேட்டர் பீய்ச்சுகிறது, ஈரமும் அளவுக்கு மீறி இல்லை என்றால் பொறியைப் பாருங்கள். பெட்ரோல் நெடி அடங்கிய பிறகு, ஏர் ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது. பழைய பிளக்கை ஒரு ஒயரில் செருகி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினைத் தொடும்படி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள். செல்ஃப் அடித்தால் நீலமாக, சடக் சடக்கென்று சத்தம் கேட்கும்படி பொறி விழ வேண்டும். மஞ்சளாக, சன்னமாக விழுந்தால் அல்லது விழவே இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

சூட்டில் மட்டும் செத்துப்போவதில் காயிலும் கண்டென்சரும் பெயர் பெற்றவை. காயிலுக்குள் மயிரிழை போல விட்டுப்போன சுருள் ஆறியபோது தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரியும். அந்த நேரத்திலேயே ஒயரைக் கழற்றி முதன்மைச் சுருளின் தடையை அளந்தால் தெரிந்துவிடும். நேரடி 12 வோல்ட் காயிலில் சுமார் 3 ஓம், பேலஸ்ட் வைத்த காயிலில் 1.5 ஓம் அருகே இருக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் இரண்டும் சரியாகவே காட்டும். கண்டென்சர் மலிவான சாமான். ஆனால் புதிது என்பதாலேயே நல்லது என்று நம்ப முடியாது. நன்றாக வேலை செய்யும் ஒன்றைக் கழற்றி எறியாமல் டூல் பெட்டியில் வையுங்கள். பாயின்ட் முனை கருகி மேடு பள்ளமாக இருந்தால் கண்டென்சரைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பாயின்ட் இடைவெளி இந்த வண்டிகள் பலவற்றில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லிவிடும். செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் நின்றுவிட்டால் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும் வரை ஒன்றுமில்லாமல், சாவியை விடும் கணத்தில் பிடித்தால், ஸ்டார்ட் நேரத்தில் காயிலுக்கு முழு வோல்டேஜ் தரும் தனி ஒயர் வேலை செய்யவில்லை.

பெட்ரோல், பொறி இரண்டும் சரி, ஆனாலும் சூட்டில் எடுக்க மாட்டேன் என்றால் வால்வு இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும். இடைவெளி இறுக்கமாக வைத்திருந்தால் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். கம்ப்ரஷன் மீட்டரைச் சூடான எஞ்சினில், ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தியபடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டியும் டீசலும்

கார்புரேட்டருக்குப் பதில் கணினியின் சொற்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ, மாருதி 800க்கு 2000 வாக்கில் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ தொடக்கத்திலிருந்தே அந்த வகை. அவையும் இப்போது பழைய வண்டிகள்தான். அவற்றில் சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ‘ஆன்’ நிலையில் இரண்டு மூன்று வினாடி வைத்து அணையுங்கள். பின்னால் பம்ப் ஊய்ங்கென்று ஓடி நிற்பது கேட்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு உடனே எடுத்தால், குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் நிறுத்திய பிறகு இறங்கிவிடுகிறது; பம்பின் செக் வால்வோ ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். பம்ப் ஓடும் சத்தமே கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ரிலேயின் ஈயப்பற்று விரிசல் விட்டு, வெயிலில் நின்ற வண்டிக்குள் சூடேறினால் துண்டித்துக்கொள்வது 1990களின் வண்டிகளில் நடக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசையாமல், பொறியும் விழாமல் இருந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். கூலன்ட் சென்சார் கெட்டு, சூடான எஞ்சினை ஆறியதென்று கணினிக்குச் சொன்னால் பெட்ரோல் கூடுதலாகப் போய் எஞ்சின் நனையும்.

அம்பாசடர் டீசல் போன்ற வண்டிகளில் வேறு கதை. சூட்டில் டீசல் நீர்த்துப்போகிறது. டிபிஏ வகைச் சுழல் பம்பின் உள்பாகம் தேய்ந்திருந்தால், செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் அது உள்ளுக்குள்ளேயே கசிந்து, இன்ஜெக்டர் வரை அழுத்தம் எழும்பாது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்தால் பம்ப் தேய்ந்துவிட்டது. டீசல் பம்ப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இதற்குப் பிளக், பேட்டரி, ஃபில்டர் என்று எதை மாற்றியும் பயனில்லை.

மெக்கானிக்கிடம் சொல்வது

“ஸ்டார்ட்டிங் பிராப்ளம்” என்று மட்டும் சொன்னால் அவர் பழைய வழிக்கே போய்விடுவார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்: “அண்ணே, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தினேன். ஒடனே எடுத்துது. கால் மணி நேரம் கழிச்சு எடுக்கல. செல்ஃப் நல்லா சுத்துது, பொறி நீலமா விழுது. கார்புரேட்டர் காஞ்சு கெடக்கு, பம்புல ஈரத்துணி போட்டதும் எடுத்துடுச்சு.” இதைக் கேட்ட எந்த நல்ல மெக்கானிக்கும் பிளக் ஸ்பேனரைத் தேட மாட்டார், நேரே பெட்ரோல் குழாய்க்குத்தான் போவார். முடிந்தால் மதியத்தில் வண்டியைச் சூடாகவே கொண்டுபோய் நிறுத்தி, அவர் கண் முன்னாலேயே மறுக்கவிடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

மேலே சொன்ன சோதனைகளுக்கு நேரமோ வெளிச்சமோ இல்லாத இடத்தில், முதலில் வண்டியைச் சாலையை விட்டு ஒதுக்கி, பானெட்டைத் திறந்து வையுங்கள். 20 நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் எடுத்துவிடும். பெட்ரோல் நெடி இருந்தால் ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தி அடியுங்கள், இல்லையென்றால் பம்பில் ஈரத்துணி. செல்ஃப் ஒரு மூச்சில் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து படுத்துவிடும். அடுத்த நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காமல் விட்டுப் போகலாமே என்றும் தோன்றும். பக்கத்தில் ஆள் இல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது செல்ஃப் மந்தமான வண்டிக்குத்தான் உதவும். கிண்ணம் காலியான வண்டியை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. தள்ளுவதென்றால் சமதளத்தில், சாவி ஆன் நிலையில், இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்துத் தள்ளி, வேகம் வந்ததும் விடுங்கள். மலைப்பாதையில் எஞ்சின் ஓடாமல் கீழ்நோக்கி உருட்டி எடுக்கப் பார்க்கவே கூடாது. சர்வோ பிரேக் உள்ள வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.